நிற்க வைத்துப் பார்க்காதீர்கள், உட்கார வைத்துப் பாருங்கள்

ஷூ வாங்க வருகிற வாடிக்கையாளர் அதைக் கையில் எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எண்ணி வைப்பதில்லை. இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே நாலு அடி நடந்து, விரலை ஆட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசவே தொடங்குவார். நடப்பதற்கான பொருளை நடந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கான ஜாக்கெட்டை விற்கும்போது மட்டும் அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "நல்லா இருக்கு சார்" என்று சொல்லி பில் போட்டு விடுகிறோம். வண்டியை யாரும் நின்றுகொண்டு ஓட்டுவதில்லை. இந்தச் சின்ன விஷயத்தை மறப்பதால் வருகிற நஷ்டம் சின்னதல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஒரு காலத்தில் நம் பகுதி அரைப்பதனிட்ட தோலை அனுப்பியே பிழைத்தது. 1970களில் அந்த ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகுதான் முழுதும் பதனிட்ட தோல், ஷூ, தோல் ஆடை என்று தொழில் வளர்ந்தது. ஜாக்கெட்டும் அந்த வழியில் வந்த சரக்குதான். முன்பெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் மட்டுமே போடுவார்கள் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தோம். இன்று சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வார விடுமுறை நாட்களில் நின்று பாருங்கள். ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட்டுடன் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். உள்ளூரிலேயே கிராக்கி இருக்கிறது. அந்தக் கிராக்கியைக் காப்பாற்றிக் கொள்வது நம் கையில்தான் உள்ளது.

நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவருக்கு நாம் அனுப்பிய தோல் ஜாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. "கை நீளம் போதவில்லை" என்று ஒரே குறை. இஞ்சு டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தோம். சைஸ் பட்டியலில் உள்ளபடியே எல்லாம் சரியாக இருந்தது. தைத்தவர் மேலும் குறை சொல்ல முடியவில்லை, வாங்கியவர் மேலும் குறை சொல்ல முடியவில்லை. கடைசியில் கடைப் பையன் ஒருவன் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். கை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இஞ்சு ஏறிவிட்டது. முதுகுப் பக்கம் சட்டை வெளியே தெரிந்தது. அப்போதுதான் விளங்கிற்று. நாம் கொடுத்திருந்த பேட்டர்ன் வெறும் அலங்கார ஜாக்கெட்டுக்கானது. அதை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என்று சொல்லி விற்றது நம் தவறு. திரும்பிய சரக்கை விலை குறைத்துத் தள்ளினோம். அன்றிலிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நம் கடைக்குள்ளேயே சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது.

அளவு எடுக்கும் முறை

பெண்கள் தையற்காரரிடம் போகும்போது அளவு ரவிக்கை ஒன்றைக் கொண்டு போவார்கள். அதுபோல் நம்மிடம் வருகிறவர் தன் சட்டை சைஸைச் சொல்வார். அது ஆரம்பத்துக்கு மட்டுமே உதவும். அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி ஓர் அளவு, வயிற்றைச் சுற்றி ஓர் அளவு, பிடரி எலும்பிலிருந்து இடுப்பு பெல்ட் வரை ஓர் அளவு, அதே பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக, மடக்கிய முழங்கையைச் சுற்றி மணிக்கட்டு வரை ஓர் அளவு என நான்கு அளவுகள் வேண்டும். கையை மடக்கித்தான் அளக்க வேண்டும். நீட்டி அளந்தால் ஜாக்கெட் குட்டையாகிவிடும்.

சைஸ் எண்களிலும் குழப்பம் உண்டு. இங்கிலாந்து, அமெரிக்க முறையில் 40 என்றால் மார்பளவு 40 இஞ்சு. ஐரோப்பிய முறையில் மார்பளவு சென்டிமீட்டரில் பாதிதான் சைஸ்; 100 சென்டிமீட்டர் மார்புக்கு 50. ஆகவே 40-க்கு நேர் ஏறக்குறைய 50. மீடியம், லார்ஜ் என்பவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவற்றை நம்பி ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

வண்டியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டியவை

ஜிப்பைக் கழுத்து வரை போட்டு, வாடிக்கையாளரை அவர் ஓட்டுகிற நிலையில் உட்கார வைக்க வேண்டும். கடையில் வண்டி இல்லாவிட்டால் முக்காலியில் உட்கார்ந்து இரு கைகளையும் முன்னால் நீட்டி மேசையைப் பிடிக்கச் சொல்லலாம். பிறகு ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மணிக்கட்டு. கையின் விளிம்பு மணிக்கட்டு எலும்பை மூடியிருக்க வேண்டும். கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே தோல் தெரியக் கூடாது. இதே ஜாக்கெட் நிற்கும்போது கை சற்று நீளமாகத் தெரியும். அது குறையல்ல என்பதை வாடிக்கையாளருக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, முதுகு. குனிந்தாலும் பின்விளிம்பு பெல்ட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். நல்ல ரைடிங் ஜாக்கெட்டில் பின்பக்கம் நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் வெட்டியிருப்பார்கள்.

மூன்றாவது, வயிறும் கழுத்தும். முன்பக்கம் நீளமாக இருந்தால் உட்கார்ந்ததும் வயிற்றில் மடிந்து மேலே தள்ளும். காலர் தாடையில் இடிக்கும். காலருக்குள் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். ஹெல்மெட்டைப் போட்டுத் தலையைத் திருப்பும்போது அது காலரில் தட்டக் கூடாது.

நான்காவது, தோள்பட்டை. கையை முன்னால் நீட்டும்போது முதுகு இறுகக் கூடாது. இதற்காகத்தான் தோளுக்குப் பின்னால் மடிப்போ எலாஸ்டிக் பட்டையோ வைத்துத் தைக்கிறார்கள். ஒரு கையை உயர்த்தினால் ஜாக்கெட் முழுவதும் கூடவே ஏறுகிறதென்றால் அக்குள் வெட்டு சரியில்லை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பேட். முழங்கைப் பேட் மடக்கிய முழங்கையின் மேல் நேராக உட்கார வேண்டும். தோள் பேட் தோள் மூட்டை மூட வேண்டும். பேட் இருக்கும் இடத்தைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுலபமாக வேறு பக்கம் சுழன்றால் ஜாக்கெட் லூஸ் என்று அர்த்தம். வண்டி சறுக்கி விழும்போது பேட் விலகிப் போய், எலும்புதான் தார் ரோட்டில் படும். இது வெறும் திருப்பி வரும் சரக்கு விஷயமல்ல, ஒரு வீட்டுப் பிள்ளையின் கை விஷயம்.

தோலின் குணம்

"புதுசுல கொஞ்சம் டைட்டா இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி விற்கிறோம். இது பாதி உண்மை. தோலில் முதுகெலும்பு ஓடும் திசையில் இழுவை குறைவு. குறுக்குவாட்டில், குறிப்பாக வயிற்றுப் பக்கத்தில், இழுவை அதிகம். நல்ல கட்டிங் மாஸ்டர் முதுகு, கை பாகங்களை நீளவாட்டில் இழுபடாதபடி வெட்டுவார். ஆகவே மார்பில் இலேசான இறுக்கம் சில வாரங்களில் இளகும். ஆனால் கை நீளம் கூடவே கூடாது. முழங்கையில் மடிப்பு விழுந்து இன்னும் சற்றுக் குறையத்தான் செய்யும். அகலத்தில் சற்று இறுக்கமாகக் கொடுக்கலாம், நீளத்தில் குறைத்துக் கொடுக்கக் கூடாது.

துணி ஜாக்கெட்டில் இந்த இளகலை எதிர்பார்க்க முடியாது. அதோடு, குளிர் லைனிங், மழை லைனிங் என்று கழற்றி மாட்டும்படி உள்ளே வைத்திருப்பார்கள். லைனிங்கோடு போட்டுப் பார்த்து "கச்சிதம்" என்று வாங்கியவர், வேலூர் வெயிலில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார். அப்புறம் பேட் தொளதொளவென்று ஆடும். ஆகவே லைனிங் இல்லாமலே பேட் சரியாக நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சைக்கிள் ஓட்டுபவருக்கு

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் ஏறுகிறவர்களும் இப்போது கடைக்கு வருகிறார்கள். இவர்களுக்குத் தோல் வேண்டாம். ஏறும்போது வேர்வையில் நனைந்துவிட்டு இறங்கும்போது காற்றில் நடுங்குவார்கள். எனவே காற்றைத் தடுக்கும் மெல்லிய துணியே போதும். பொருத்தத்தின் விதி மட்டும் அதேதான். சைக்கிளில் இன்னும் அதிகமாகக் குனிவதால் பின்பக்கம் மேலும் நீளமாகவும், உடலோடு ஒட்டியும் இருக்க வேண்டும். தொளதொளப்பான துணி காற்றில் படபடத்து ஆளைப் பின்னுக்கு இழுக்கும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஆடைகளுக்கு ஈ.என். 17092 என்ற தர நிர்ணயம் 2020-ல் வந்தது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று உராய்வைத் தாங்கும் வரிசையில் பிரித்திருக்கிறார்கள். பேட்களுக்கு ஈ.என். 1621 தனியாக உண்டு. அதில் லெவல் 1-ஐ விட லெவல் 2 அதிர்ச்சியைக் குறைவாகவே உள்ளே விடும். இந்த முத்திரைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் ஆளுக்குப் பொருந்தாத ஜாக்கெட்டில் எந்த முத்திரை இருந்தும் பயனில்லை.

தொழிற்சாலையில் ஆர்டர் கொடுக்கும் முன் ஒவ்வொரு சைஸிலும் ஒரு மாதிரி கேளுங்கள். அந்த அளவுள்ள ஓர் ஆளுக்குப் போட்டு, வண்டியில் உட்கார வைத்துப் பார்த்த பிறகே கட்டிங்குக்குச் சம்மதம் கொடுங்கள். சில்லறைக் கடை நண்பர்கள் "ஓட்டுவதற்கா, சும்மா போடுவதற்கா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சும்மா போடுகிறவருக்குக் கண்ணாடி போதும். ஓட்டுகிறவருக்கு ஐந்து நிமிடம் செலவழித்து, பொருந்தாவிட்டால் "இது உங்களுக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு ஒரு வியாபாரம் போகலாம். அடுத்த வாரம் அவரே நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவதை நம் கடையில் பலமுறை கண்டிருக்கிறோம்.