கணிப்பொறிப் படிப்பை நாடுவதேன்?

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்ததும் பாலிகஞ்சிலும் லேக் மார்க்கெட் பக்கத்திலும் உள்ள நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளைக்குக் கணிப்பொறி இயலில் இடம் கிடைக்குமா? எந்தக் கல்லூரி என்பதுகூட இரண்டாம் பட்சமே.

காரணம் கேட்டால் எல்லோரும் "நல்ல சம்பளம்" என்பர். அது மெய்யே, அதை இழிவாகப் பேச நாம் யார்? மாதக் கடைசி நாட்களைத் தள்ளும் குமாஸ்தாக்களுக்குச் சம்பளத்தின் அருமை நன்றாகவே தெரியும். மேலும், பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர்களுக்கு எவ்வூரிலும் செல்லுபடியாகும் தொழில் வேண்டும். வக்கீலுக்கும் வணிகருக்கும் உள்ளூர் மொழியும் செல்வாக்கும் தேவை. கணிப்பொறிக்கு அவை தேவையில்லை.

ஆயினும் இவற்றின் அடியில் ஓர் அச்சமும் ஒளிந்திருப்பதாக நாம் எண்ணுகிறோம். இந்நகரின் வரலாற்றைப் பார்த்தால் அது விளங்கும்.

பேராசிரியர் மகலனோபிஸ் 1931இல் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு, 1956இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி வந்தது. இந்தியாவிற்கு வந்த முதல் டிஜிட்டல் கணிப்பொறி அதுவே. 1966இல் அக்கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற கணிப்பொறியை இங்கேயே ஆக்கின. பாலிகஞ்ச் நிலையத்தில் தெற்கே செல்லும் ரயிலில் ஏறினால் டாகுரியாவுக்கு அடுத்தது அந்த ஜாதவ்பூர்தான்!

அதே 1960களில், அதே கல்கத்தாவில், ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இலாகோ ஹவுஸில் கணிப்பொறி நுழையாதவாறு இரவும் பகலும் காவல் நின்றனர். குமாஸ்தாவின் வேலையை யந்திரம் விழுங்கிவிடும் என்பது அவர்களுடைய கவலை. அக்கவலை வீணானதன்று. எங்கள் ரயில்வேயில் 1980களின் நடுவில் தில்லியில் தொடங்கி முன்பதிவு கணிப்பொறிக்கு மாறிற்று. தடித்த பேரேடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிரயாணிகளுக்குப் பெரும் சௌகரியம், ஐயமில்லை. ஆனால் பேனாவை மட்டும் நம்பியிருந்தவர்களின் வீட்டில் ஒரு முடிவு பிறந்தது: நம் பிள்ளை யந்திரத்தால் தள்ளப்படுபவனாக இராமல், அதை ஆள்பவனாக இருக்கட்டும்.

இன்றோ செயற்கை நுண்ணறிவு நிரல்களையே எழுதத் தொடங்கிவிட்டது. ஆகவே அந்த இடமும் பெற்றோர் நினைக்குமளவு பத்திரமானதன்று. அச்சத்தால் மட்டும் இப்படிப்பில் சேரும் பிள்ளை, தர்க்கமும் கணிதமும் நிறைந்த நான்காண்டுகளை எங்ஙனம் கடப்பான்?

இத்துறையின் முன்னோடிகள் சிலர் வேறு வாயில்களின் வழியே வந்தவர்கள். ஈரோட்டில் 1933இல் பிறந்து தில்லியில் பள்ளிக்கல்வி பெற்றவர் வி. ராஜாராமன், நம்மைப் போல் வெளியூர் சென்ற தமிழ்ப் பிள்ளை. அவர் முதலில் பயின்றது பௌதிகம். பிற்பாடு கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணிப்பொறிக் கல்விக்கு அடித்தளமிட்டார். அவருடைய மலிவு விலைப் பாடநூல்களைப் படித்து முன்னேறியோர் ஏராளம். 1994இல் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட ராஜ் ரெட்டி, 1958இல் சென்னை கிண்டிக் கல்லூரியில் பட்டம் பெற்றது சிவில் எஞ்சினீயரிங்கில்!

எனவே கணிப்பொறி இயலில் இடம் கிடைக்காத வீட்டில் துக்கம் அனுஷ்டிக்க வேண்டுவதில்லை. கணக்கில் மனம் தோயும் பிள்ளைக்குப் பரானகரில் அதே புள்ளியியல் கழகத்தின் பி.ஸ்டாட். படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினமே. ஆனால் நெடுங்காலமாகக் கல்விக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து வந்த படிப்பு அது. நம் வீடுகளில் அதன் பெயரைக் கேட்டிருப்பவர்கள் மிகச் சிலரே.