பொய் சொல்லலாம்... பொய்க்கலாமா?

"மச்சி, பஸ் ஏறிட்டேன்டா... இன்னும் பத்தே நிமிஷம்!"

போர்வைக்குள் படுத்துக்கொண்டே இதைச் சொல்லாத காலேஜ் ஸ்டூடண்ட் யாராவது உண்டா? கையைத் தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம்... ஒரு கையையும் காணோம்!

புளுகு, ரீல், கப்சா, பீலா, உடான்ஸ், புருடா... பொய்க்குத்தான் நாம எத்தனை செல்லப் பெயர் வெச்சிருக்கோம்! ஆனால் 'பொய்' என்ற அசல் சொல் இருக்கிறதே, அது கொஞ்சம் சீரியஸான ஆள். அதன் இன்னொரு முகத்தைப் பார்க்கணுமா? வத்தல்மலைக்கு வாங்க.

தர்மபுரியிலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறினால் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமங்கள். (கேரளான்னு நினைச்சிடாதீங்க. பேசுவது தமிழ்தான்!) சாமை, ராகி, காபி, மிளகு என்று விளைகிற பூமி. மானாவாரி நிலத்தில் விதைத்தவருக்கு வானம்தான் ஒரே நம்பிக்கை. மேகம் கூடி, ஆசை காட்டி, பெய்யாமலே போய்விட்டால் என்ன சொல்வோம்? "மழை பொய்ச்சுப் போச்சு!"

கவனிச்சீங்களா? மழை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் எப்படிப் பொய்? அதுதான் தமிழ். நம்பியிருப்பவரைக் கைவிடுவதும் நம்ம மொழியில் பொய்தான். திருவள்ளுவரும் 'வான்சிறப்பு' அதிகாரத்தில் மழை தவறுவதற்கு இதே சொல்லைத்தான் போடுகிறார்.

அதே வள்ளுவர் 'வாய்மை' அதிகாரத்தில், யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமில்லாத நன்மை விளையுமானால், பொய்க்கும் வாய்மையின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்! ஆக, சொன்னது என்ன என்பதோடு கேட்டவருக்கு என்ன ஆச்சு என்பதும் கணக்கு. பொய்க்கால் குதிரையைப் பாருங்க. பேரிலேயே பொய் இருக்கு. ஆனால் ஏமாந்தவர் யாரும் இல்லை!

மலையிலிருந்து இறங்கினால் தர்மபுரி. அந்தக் காலத்துத் தகடூர், அதியமானின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் செய்ததைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் பார்க்கலாம். தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசி, அரண்மனையில் ஜம்முனு இருக்காம். அதியமானின் ஆயுதங்களோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்காம். கேட்டால் தொண்டைமானுக்குப் பாராட்டு. யோசித்தால், 'உன் படை போரையே பார்த்ததில்லை' என்ற எச்சரிக்கை! புகழ்ச்சி பொய், செய்தி மெய். ஒரு போரைத் தடுக்கப் போனவரின் சாமர்த்தியம் அது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். "பத்தே நிமிஷம்" என்றதை நம்பி, பரீட்சை நாளில் உங்களுக்காக பஸ்ஸை விட்டுட்டு நிற்கிறானே நண்பன்... "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்றதைக் கேட்டு, ராத்திரி வரை சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கிறாரே அம்மா... வானத்தைப் பார்த்து நிற்கிற விவசாயிக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?

கேன்டீனில் ரீல் விடுங்க, கவிதையில் கப்சா அடிங்க. யார் கேட்கப் போறாங்க? ஆனால் உங்களை நம்பி ஒருத்தர் காத்திருக்கும்போது மட்டும்...

பொய்ச்சிடாதீங்க ப்ளீஸ்!