நர்ஸிங் சேரப்போறீங்களா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் பாருங்க!

ப்ளஸ் டூ முடித்ததும், `நர்ஸிங் படித்தால் உடனே வேலை' என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிடும். ஆனால், நர்ஸிங் என்ற பெயரில் நடக்கும் எல்லாப் படிப்பும் ஒன்றல்ல.

பி.எஸ்ஸி நர்ஸிங் 4 ஆண்டுகள், ஜி.என்.எம் டிப்ளோமா 3 ஆண்டுகள், ஏ.என்.எம் 2 ஆண்டுகள். இவற்றை அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்தால்தான் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவுசெய்ய முடியும். அந்தப் பதிவு இல்லாமல் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

6 மாத `நர்ஸிங் அசிஸ்டென்ட்' சான்றிதழ் உதவியாளர் வேலைக்கு உதவலாம். உங்களை நர்ஸ் ஆக்காது.

எனவே, கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். அடுத்து, மாணவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனைக்கே நேரில் போய் வாருங்கள். வார்டில் நோயாளிகளே இல்லையென்றால், உங்கள் பிள்ளை யாரைக் கவனித்துத் தொழில் கற்கும்?