ஒரு நிரலாக்க நூலை எப்படி நம்புவது?

மலையகத்துப் பிள்ளைகள் கையில் எடுக்கும் கணினி நூல்களுக்கு ஒரு பொதுத் தரச்சோதனை வேண்டும்

வெளிநாட்டில் அச்சான ஒரு நிரலாக்க நூலின் விலை 40 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டால் 12,000 ரூபாய் ஆகிறது. தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஒன்பது நாள் கொழுந்து பறித்தால்தான் அந்த ஒரு புத்தகம் வீட்டுக்கு வரும்.

கொழும்பில் வேலை பார்க்கும் பொறியியலாளர், வாங்கிய நூல் சரியில்லை என்றால் வேறொன்றை வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ லயன் வீட்டிலிருந்து உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. ஹட்டன் டவுனில் வாங்கிய அல்லது பாடசாலை நூலகத்தில் கிடைத்த அந்த ஒரு நூல்தான் அவளுக்கு ஆசிரியர். அது தவறான நூலாக இருந்தால் காசோடு அவளுடைய தன்னம்பிக்கையும் போய்விடும். நூல்களைத் தரம்பார்க்கும் வேலையை நாம் பொறுப்பாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திரை ஒன்று சொல்ல, நூல் வேறு சொல்லும்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பைத்தான் மொழி இருக்கிறது. பைத்தான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. ஆனால் பழைய பதிப்பை வைத்து எழுதிய நூல்கள் அலுமாரிகளை விட்டுப் போகவில்லை.

அத்தகைய நூலில் பிரின்ட் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இராது. அப்படியே தட்டினால் இன்றைய பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். இதையாவது கண்டுபிடித்துவிடலாம். 7ஐ 2ஆல் வகுக்கும் வரிதான் அதைவிட ஆபத்தானது. பைத்தான் 2 இதற்கு 3 என்று விடை தரும்; பைத்தான் 3 தருவது 3.5. பிழைச்செய்தி எதுவும் வராது. சராசரி கணிக்கும் பயிற்சியில் நூலில் ஒரு விடையும் திரையில் வேறொரு விடையும் இருக்கும். விவரம் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட விஷயம். தனியே படிக்கும் மாணவியோ அச்சில் இருப்பதைச் சந்தேகிக்க மாட்டாள். “எனக்குத்தான் இது ஏறவில்லை” என்று முடிவுகட்டி, பாடத்தையே கைவிடவும் கூடும். காலம் கடந்த நூல் செய்யும் பெரிய கேடு இதுதான்.

ஆண்டைப் பார்க்கும் விதம்

நூலின் தொடக்கப் பக்கத்தில் அச்சான ஆண்டுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மறுபதிப்பு என்றால் பழைய உள்ளடக்கத்தை மீண்டும் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். திருத்திய பதிப்பு என்று இருந்தால்தான் உள்ளே மாற்றம் நடந்திருக்கும். சென்ற ஆண்டு மறுபதிப்பான நூலின் உள்ளடக்கம் பதினைந்து வருடம் பழையதாக இருக்கலாம்.

அதற்காகப் பழைய நூல்களையெல்லாம் ஒதுக்கவும் கூடாது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பிரையன் கேர்னிகனோடு சேர்ந்து எழுதிய நூல் 1978இல் வந்தது. 1988இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இன்றும் படிக்கத் தகுந்தது. டொனால்ட் கனூத்தின் கணினி நிரலாக்கக் கலை நூலின் முதல் தொகுதி 1968இல் வெளியானது. வரிசைப்படுத்தல், தேடல், தரவுக் கட்டமைப்பு போன்ற அடிப்படைகள் எளிதில் பழசாவதில்லை. ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் திரைகளையும் கட்டளைகளையும் நம்பி எழுதிய நூல்தான் விரைவில் பழசாகும். டர்போ சி என்ற பழைய கம்பைலருக்காக எழுதிய நூலில் திரையைத் துடைக்கும் கட்டளை முதல் வரிகளிலேயே வரும்; இன்றைய கம்பைலர்கள் பலவற்றில் அது ஓடாது.

அச்சில் தொலையும் இடைவெளி

பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே இலக்கணம். எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. அவசரமாகத் தட்டச்சு செய்த குறுங்குறிப்பு நூல்களில் எல்லா வரிகளும் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நேரான மேற்கோள்குறி வர வேண்டிய இடத்தில் வளைந்த மேற்கோள்குறி விழுந்திருக்கும். அந்த நிரல் ஓடாது. ஆசிரியர் தம் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தாரா என்பதை இந்த இரண்டு அடையாளங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல நூல் நிரலோடு அதன் வெளியீட்டையும் காட்டும். என்ன பிழை வரக்கூடும், அதை எப்படித் தீர்ப்பது என்றும் சொல்லும். அத்தியாய முடிவில் வாசகர் தாமே யோசித்து எழுத வேண்டிய பயிற்சிகள் இருக்கும். கடந்தகால வினாத்தாள் விடைகளை மட்டும் அடுக்கிய நூல் பரீட்சைக்கு உதவலாம். வேலைக்குப் போனால் உதவாது.

தமிழ் நூல் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கற்கை நிறுவனம் நடத்தும் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தையும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். ஆகவே கருத்தைத் தமிழில் தெளிவாக விளக்கிவிட்டு, கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் தரும் நூலே அடுத்த படிக்கு ஏற்றிவிடும். தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய கணியம் இதழும், து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே படிக்கலாம். இலவசம் என்பதற்காக இவற்றுக்குச் சோதனையில் விலக்குத் தர வேண்டாம்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை

மலையகப் பாடசாலைகளுக்குப் புத்தகம் அனுப்பும் நல்ல மனங்களுக்கு நன்றி. பெட்டியில் போடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நூலை உங்கள் சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா? இல்லை என்றால் எங்கள் பிள்ளைக்கும் வேண்டாம். பத்துப் பெட்டி பழைய நூலைவிட, ஓட்டிப் பார்த்துத் தேர்ந்த இரண்டு நூல்கள் பெரிய உதவி.

செய்யக்கூடியது

கனூத் தம் நூல்களில் உள்ள ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2.56 டொலர் சன்மானம் என்று அறிவித்தவர். உலகம் மதிக்கும் அறிஞரே தம் நூலில் பிழை இருக்கும் என்று எதிர்பார்க்கும்போது, நாம் அச்செழுத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளின் கணினி ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை கூடி, பாடசாலை நூலகங்களில் உள்ள நிரலாக்க நூல்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்களையும் இதில் சேர்க்கலாம். நூலுக்கு மூன்று நிரல்களை வரி மாறாமல் தட்டி ஓட்டிப் பார்த்தால் போதும். எந்த மொழிப் பதிப்புக்கு உரியது, எந்தப் பக்கத்தில் பிழை, அதற்குச் சரியான வரி எது, யார் படிக்க ஏற்றது என்று ஒரு தாளில் எழுதி அட்டையின் உட்புறம் ஒட்டிவிடலாம். உதவாத நூலை நூலகர் தயங்காமல் அலுமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இதற்கு அமைச்சின் சுற்றறிக்கையோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒரு கணினியும் சில சனிக்கிழமைகளும் போதும். அடுத்த தவணையிலேயே தொடங்குவோம்.