சளியில் ஒளியும் கிருமி, சில்லில் ஒளிரும்!

வடசென்னையின் எண்ணூர் பக்கம் யாராவது விடாமல் இருமினால், "எல்லாம் நிலக்கரித் தூசிதான்" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே இருமல் காசநோயாகவும் இருக்கலாம். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காசநோய்க் கிருமியை 1882-இல் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். அதன்பின் வெகுகாலம் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும்.

பெங்களூரு பிக்டெக், கோவா மோல்பயோ நிறுவனங்களின் 'ட்ரூநாட்' கருவி கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. சளியிலிருந்து பிரித்த கரைசலில் வெறும் 6 மைக்ரோலிட்டரை ஒரு சில்லின் (சிப்) குழியில் விடுவார்கள். சில்லு சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். சூட்டில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். ஆறும்போது ஒவ்வோர் இழைக்கும் புது ஜோடி உருவாகும். இப்படிச் சுற்றுக்குச் சுற்று ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால்? நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 கோடியைத் தாண்டும்!

சரி, ஒளி எங்கிருந்து வருகிறது? குழியில் சாயம் கட்டிய டி.என்.ஏ. துணுக்குகள் இருக்கின்றன. ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அதை ஒளிரவிடாமல் அடக்கும் மூலக்கூறு. இந்தத் துணுக்கு காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில்தான் போய் ஒட்டும். நகலெடுக்கும் நொதி அந்த வழியே வரும்போது அதை வெட்டிவிடும். விடுதலையான சாயம், கருவியின் விளக்கொளி பட்டதும் மினுங்கும். சுற்றுக்குச் சுற்று அந்த மினுக்கத்தைக் கருவி அளந்துகொண்டே வரும். சீக்கிரம் ஒளிர்ந்தால் கிருமி அதிகம், தாமதமானால் குறைவு. கிருமிகளை ஒவ்வொன்றாக எண்ணாமலே அளவைச் சொல்லிவிடுகிறது, கெட்டிக்காரச் சில்லு!

கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டாவது சில்லு. ரிஃபாம்பிசின் என்பது காசநோய்க்கு முக்கியமான மருந்து. கிருமியின் டி.என்.ஏ.வில் சுமார் 44 லட்சம் எழுத்துகள். அவற்றில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த மருந்து பலிக்காமல் போகலாம். அதைத்தான் இந்தச் சில்லு பார்க்கும். முன்பு கிருமியை வளர்த்துப் பார்த்து இதை அறிய வாரக்கணக்கில் ஆகும். இப்போது ஒரு சில்லுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

பேட்டரியிலேயே ஓடும் இந்தக் கருவியை 2020-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தூசி என்று விட்டுவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். கையோடு அழைத்துப் போங்கள்.