உலோகமும் அனுபவமும்: கைப்பணி மாணவரின் படைப்பாக்க நெறி குறித்துச் சில கருத்துகள்

கட்புலக் கலை பயிலும் மாணவரின் ஆக்கங்களைப் பற்றிப் பேசுமிடத்து, அவை அவர்தம் சொந்த அனுபவத்தின் வெளிப்பாடுகள் என்று கூறி அமைந்துவிடுதல் நம்மிடையே வழக்கமாகியுள்ளது. இக்கூற்றைப் பிழையெனக் கொள்ள முடியாது. ஆயின், இதனால் எதுவும் விளக்கம் பெறுவதுமில்லை. துயருற்றோர் யாவரும் கலைஞராவதில்லை. துயரின் அளவு கலையின் தரத்தைத் தீர்மானிப்பதுமில்லை. அனுபவத்திற்கும் ஆக்கத்திற்கும் இடையே நிகழும் மாற்றம் யாது என்பதே ஆராயப்பட வேண்டிய வினாவாகும். உலோகப் பணியில் இம்மாற்றத்தைக் கண்ணாற் காணவும் கையால் உணரவும் முடியுமாதலின், அதனையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

வந்தாறுமூலையிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வினா அழகியல் எல்லையுள் அடங்குவதில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிய சூறாவளியும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையும், நீண்ட போரும் இவ்வாவிக்கரை மக்களின் நினைவில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி இப்பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. கல்லடியில் 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற்குக் கட்புலக் கலை பயில இன்று வருவோர் பெரும்பாலும் போரின் பிற்கூற்றிற் பிறந்தோராவர். அவர்தம் அனுபவத்தில் ஒரு பகுதி தாம் கண்டது. மறுபகுதி வீட்டாரின் பேச்சிலும் மௌனத்திலும் இருந்து பெற்றது.

இத்தகைய மாணவரிடம் "உமது அனுபவத்தைப் படைப்பாக்குக" எனக் கேட்குமிடத்து இருவகை இடர்கள் தோன்றுகின்றன. பரீட்சைப் புள்ளிக்காகக் குடும்பத்தின் துயரைப் பலரறிய வைக்க நேர்தல் ஒன்று. அறுந்த சங்கிலி, முட்கம்பி, புறா எனத் தேய்ந்துபோன குறியீடுகளுள் தஞ்சம் புகுதல் மற்றொன்று. அனுபவத்தை மூலப்பொருளாகக் கொள்ளாது முடிந்த பொருளாகக் கொள்வதே இவ்விரண்டிற்கும் காரணமாகும். உண்மையில், அனுபவம் பணியின்போதே அறியப்படுகின்றது. உலோகப் பணியின் மூன்று முறைகள் இதனை விளக்கும்.

முதலாவது வார்த்தல். மெழுகு வார்ப்பில், உருவம் முதலில் மெழுகிற் செய்யப்படும். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண் பூசி, உலர்த்திச் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். அச்சை உடைத்தே படிமத்தை எடுக்க வேண்டுமாதலால் ஓர் அச்சு ஒரு படிமத்துக்கே உரியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இம்முறையால் ஆனவை. 1950 இல் திருகோணமலையிற் கண்டெடுக்கப்பட்ட படிமங்களும் அம்மரபின. இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், மெழுகு உள்ளவரை உலோகத்திற்கு இடமில்லை என்பதாகும். ஆயினும் மெழுகில் இட்ட சிறு கீறலும் உலோகத்திற் பதிந்துவிடும். நிகழ்ந்தவற்றின் விவரம் முழுவதும் ஆக்கத்தில் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தும் மாணவர் மெழுகை வெளியேற விடாதவராகின்றார். விவரம் நீங்கலாம், அதன் வடுவே எஞ்ச வேண்டியது.

இரண்டாவது தகடு தட்டல். செப்புத் தகடு தட்டத் தட்ட இறுகும். மேலும் தட்டின் வெடிக்கும். எனவே அதனைத் தணலிற் காய்ச்சி இளக்கிப் பின்னரே மீளத் தட்டுதல் வேண்டும். இவ்விடைவெளி மாணவர்க்கு இன்றியமையாதது. உணர்ச்சி வேகத்தில் தொடங்கப்பட்ட பணியை உலோகமே தடுத்து நிறுத்தி, சிந்திக்க வைக்கின்றது. சென்னை ஓவியக் கல்லூரி வழிவந்த பி. வி. ஜானகிராம் செப்புத் தகடுகளிற் சமைத்த உருவங்கள், கோயில் மூர்த்தங்களுக்குச் சாத்தும் கவசங்களை நினைவூட்டுவன. வழிபாட்டிற் கண்டு பழகிய வடிவம் அவர் கையில் நவீன சிற்பமாயிற்று. அக்கல்லூரியின் அதிபராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தோர், கைப்பணிப் பொருள்களை விற்றுத் தம் கலைவாழ்வைத் தாங்கிக்கொண்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது உருக்கி ஒட்டுதல். பார்சிலோனாவில் உலோகக் கைவினைஞர் குடும்பத்திற் பிறந்த ஹூலியோ கொன்சாலெஸ், 1918 இல் பாரிஸ் நகரையடுத்த ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையில் இத்தொழிலைக் கற்றார். பின்னர் அதுவே அவருடைய சிற்பமொழியாயிற்று. 1928 முதல் பிக்காசோவுடன் இணைந்து பணியாற்றுகையிலும் அத்திறனே பயன்பட்டது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 இன் பாரிஸ் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் மண்டபத்தில் வைக்கப்பட்ட அவருடைய 'மொன்செராட்', குழந்தையை ஏந்தி நிற்கும் உழவர் குலப் பெண்ணை இரும்புத் தகட்டில் நிறுத்தியது.

ஒட்டுவேலையில் வேறொரு பண்பும் உண்டு. சேர்க்கப்படும் துண்டுகள் தத்தம் பழைய அடையாளத்தை இழப்பதில்லை. மொசாம்பிக்கில் 1992 இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றபின், 1995 இல் கிறிஸ்தவ மன்றத்தார் தொடங்கிய திட்டத்தின்கீழ் மக்கள் ஆயுதங்களைக் கொடுத்துத் தையல் இயந்திரம், துவிச்சக்கரவண்டி முதலியவற்றைப் பெற்றனர். அவ்வாயுதத் துண்டுகளை ஒட்டிக் கெஸ்டர் என்னும் கலைஞர் 2001 இல் ஓர் அரியணை செய்தார். அதிலுள்ள துப்பாக்கிகளுள் ஒன்றேனும் மொசாம்பிக்கில் உற்பத்தியானதன்று. ஒரு நாட்டின் துயருக்குப் பின்னாலிருந்த உலக வாணிபத்தை அவ்விருக்கை சொல்லாமற் சொல்கின்றது. நம் நாட்டிலும் சந்திரகுப்த தேனுவர, சோதனைச் சாவடிகளில் நிறைந்திருந்த தகரப் பீப்பாய்களை 1997 இல் தம் கலையின் பொருளாக்கினார். அப்பீப்பாயின்முன் நின்று அடையாள அட்டை நீட்டிய ஒவ்வொருவரும் அவ்வாக்கத்துள் தம்மைக் காணலாம். தனியனுபவம் பொதுவனுபவமாகும் இடம் இதுவே: பொருள் ஏற்கெனவே பலர் கைபட்டது.

இனி, இந்நெறியின் சமூக அடித்தளத்தை நோக்குதல் வேண்டும். குடியேற்ற ஆட்சியின்கீழ் கைவினை மரபுகள் சிதைவுற்றமையை ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். கவின்கலை உயர்ந்தது, கைப்பணி தாழ்ந்தது என்னும் பாகுபாடு அவ்வாட்சிக் காலக் கல்வியால் வலுப்பெற்றது. நம் சமூகத்திலோ சாதி அதற்கு முன்னரே அடித்தளமிட்டிருந்தது. கொல்லரும் தட்டாரும் கன்னாரும் தொழிலாளராகக் கருதப்பட்டனரேயன்றிக் கலைஞராகப் போற்றப்படவில்லை. இதன் விளைவு இன்றும் தொடர்கின்றது. தந்தையின் உலைக்களத்தில் துருத்தி இயக்கி வளர்ந்த மாணவர்க்கு அதுவும் ஓர் அனுபவமே எனச் சொல்வோர் அரியர். துயரம் ஒன்றே அனுபவம் என்று கொள்ளும் கலைக்கல்வி, உழைப்பாகிய அனுபவத்தைக் காணத் தவறுகின்றது. தெருவோரப் பட்டறையில் ஒட்டுவேலை செய்து கொடுத்தவரின் பெயர் கண்காட்சிப் பலகையில் இடம்பெறாமைக்கும் இதுவே காரணம்.

ஆதலின், மாணவரிடம் முதலிற் கேட்க வேண்டியது "உமக்கு என்ன நேர்ந்தது?" என்பதாகாது. "இப்பொருள் எங்கிருந்து வந்தது? இதனை யார் பயன்படுத்தினர்? இது உமது கைக்கு எங்கே இணங்க மறுத்தது?" என்பனவே பயனுள்ள வினாக்கள். இவற்றுக்கு விடை தேடுபவர் தம் துயரைச் சொல்லாதிருக்கும் உரிமையை இழக்காமலே அதனை ஆக்கமாக்க முடியும்.

மட்டக்களப்பில் வைகாசி தோறும் கண்ணகிக்குச் சடங்கு செய்து குளிர்த்தி பாடும் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. கண்ணகியின் சிலம்பு ஒரு பெண்ணின் அணிகலன்; ஒரு தட்டானின் கைப்பணி. அரசவையில் அது உடைந்தபோது அரசியின் சிலம்பிற்குரிய முத்துகள் தெறிக்கவில்லை. மாணிக்கப் பரல்களே தெறித்தன. அவளது கண்ணீர் செய்ய இயலாததைச் சிலம்பினுள் இடப்பட்டிருந்த பரல் செய்தது. செய்தவன் உள்ளே வைத்தது எதுவோ அதுவே சான்றாயிற்று.