தென்துருவமும் எங்கள் வன்னிக் கல்லும்

கனகராயன்குளத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் கல் தட்டினால் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அந்தக் கல்லின் மேல் ஒரு பிரியம். புவிச்சரிதவியலாளர் இப்பகுதிப் பாறைகளை ‘வன்னித் தொகுதி’ என்பர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது, இவை நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறின. அன்று இலங்கை அந்தாட்டிக்காவை ஒட்டிக் கிடந்தது. யப்பானியரின் சியோவா நிலையம் உள்ள லுட்சோ-ஹோம் விரிகுடாப் பாறைகளும் அக்காலத்தில் அவ்வாறே வெந்தவை.

அந்தப் பனி நிலத்தில் 1982 ஜனவரி 9ஆம் திகதி இறங்கிய முதல் இந்தியக் குழுவின் தலைவர், கடலியல் அறிஞர் எஸ். இஸட். காசிம். 1983 இறுதியில் புறப்பட்ட மூன்றாம் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தனர்: பாறைகளை ஆராய்ந்த சுதீப்தா சென்குப்தா, கடலை ஆராய்ந்த அதிதி பந்த். பெண் பிள்ளைக்குப் புவியியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இவ்விரு பெயர்களைத்தான் சொல்வேன்.

அங்கே காற்று, கடல், பனி, நிலம் நான்கும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கின்றன. கண்டத்தின் நடுவே குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிக் கரையை நோக்கிப் பாய்கிறது. அது கடற்பனியை அப்பால் தள்ள, வெளிப்பட்ட நீர் உறைகிறது. உறையும் நீர் தன் உப்பில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். அந்த உப்பேறிக் கனத்த நீர் அடிக்கடலில் இறங்கி, வடக்கே ஊர்ந்து, இந்து சமுத்திரத்தின் ஆழத்தையும் நிரப்புகிறது.

மேற்கு அந்தாட்டிக்காவில் கதை வேறு. அங்கு பனியைத் தாங்கும் நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. காற்றின் போக்கால் சற்றே வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் பனியின் அடியில் நுழைந்து அரிக்கிறது. பனி குறைய, பாரம் இறக்கிய வண்டிபோல் நிலம் எழுகிறது. அமுண்ட்சென் கடலோரத்தில் ஆண்டுக்கு 41 மில்லிமீற்றர் வரை அளந்திருக்கிறார்கள். அப்படி எழும் நிலம் பனியின் சரிவை ஓரளவு தாமதப்படுத்தவும் கூடும்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது ஈர்ப்புத்தான். பெரும் பனித்திணிவு கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகினால் அந்தப் பிடி தளரும். அதன் அருகில் கடல் தாழும், தொலைவிலோ சராசரியைவிடக் கூடுதலாக உயரும். நாம் தொலைவில் இருப்பவர்கள்.

எங்கள் ஊருக்குக் கடல் தூரந்தான். ஆனால் கனகராயன் ஆறு இரணைமடுவைத் தாண்டிச் சுண்டிக்குளம் களப்பில் சேர்கிறது. மழை பொய்த்த வருடங்களில் ஆறு மெலியும். கடலும் உயர்ந்துவிட்டால், களப்பின் உப்பை எதிர்த்துத் தள்ள அந்த மெலிந்த ஆற்றுக்குப் பலம் போதாது.